சாக்குத் துணியில் தைத்த சாட்சியம்: சிலியின் அர்ப்பியேராக்களும் மனித உரிமைக் காப்பாளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித உரிமைக்காகப் பாடுபடுகிறவர்களுக்குக் கலையின் வழியே துணை நிற்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், சிலி நாட்டுப் பெண்கள் இராணுவ ஆட்சிக் காலத்தில் தைத்த துணிப் படங்களைப் பற்றிய குறிப்பு தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படங்கள் எப்படி உருவாயின, விற்ற பணம் யார் கைக்குப் போனது, ஆபத்தை யார் சுமந்தார்கள் என்பவை பெரும்பாலும் பேச்சில் விடுபட்டுப் போகின்றன. அவற்றையும் சேர்த்து இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது.

அர்ப்பியேரா என்பது என்ன?

சாக்குத் துணிக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பெயர் அது. மாவு மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை போன்றவற்றின் சாக்கைத் துவைத்து, வெட்டி, அதன்மேல் வண்ணத் துணித் துண்டுகளை வைத்துத் தைத்து உருவாக்கும் படத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. சிலியில் இதற்கு முன்னோடிகள் உண்டு. நாட்டார் பாடகியான வியோலெத்தா பார்ரா சாக்கில் கம்பளி நூலால் பூவேலை செய்த படங்கள் 1964-இல் பாரிசின் லூவ்ர் அரண்மனையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இஸ்லா நேக்ரா என்னும் கடலோரச் சிற்றூரின் பெண்களும் தங்கள் ஊர் வாழ்க்கையைத் துணியில் பூவேலையாகச் செய்து வந்தார்கள். இவை இரண்டும் அரசியல் சாட்சியங்களாகப் பிறந்தவை அல்ல. அந்த மாற்றம் 1974-க்குப் பிறகு வந்தது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன?

1973 செப்டம்பர் 11 அன்று சல்வதோர் அயெந்தேயின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை இராணுவம் கவிழ்த்தது. ஜெனரல் அகுஸ்தோ பினோசே ஆட்சியைக் கைப்பற்றினார். கைது, சித்திரவதை, கொலை ஆகியவற்றோடு, பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி எந்தத் தகவலும் தராமல் மறைத்துவிடும் முறையும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கத்தோலிக்க, லூத்தரன், மெதடிஸ்ட் திருச்சபைகளும் யூத சமயத்தவரும் சேர்ந்து, அமைதிக்கான ஒத்துழைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கணவனையும் மகனையும் தேடிக் காவல் நிலையம், சிறை, மருத்துவமனை, பிணவறை என்று அலைந்த பெண்கள் கடைசியில் இந்தக் குழுவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு வழக்கறிஞர் மட்டும் போதவில்லை. சம்பாதித்துக் கொண்டிருந்த ஆள் இல்லை. வீட்டில் குழந்தைகள் பட்டினி. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி என்று தெரிந்தால் வேலை கிடைப்பதும் அரிது. இந்த நிலையில்தான் 1974-இல் குழுவின் ஆதரவில், வலென்தீனா போன் என்னும் ஓவியரின் வழிகாட்டலில், முதல் தையல் பட்டறை அமைந்தது. பிழைப்புக்கு ஒரு வழி வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. உலகுக்கு உண்மையை அறிவிக்க வேண்டும் என்ற எண்ணம் தைக்கத் தைக்க வலுப்பெற்றது. இந்த வரிசையை மறந்துவிட்டுப் பேசுவது இன்றைய கலைத் திட்டங்கள் பலவற்றின் குறைபாடு என்பது என் கருத்து.

விக்காரியா என்று குறிப்பிடப்படும் அமைப்பு எது?

பினோசேயின் நெருக்குதலால் மேற்சொன்ன குழு 1975-இன் இறுதியில் கலைக்கப்பட்டது. சாந்தியாகோவின் பேராயரான கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் 1976 சனவரி 1 முதல் தம் மறைமாவட்டத்தின் நேரடிப் பொறுப்பில் விக்காரியா தே லா சொலிதாரிதாத் என்னும் தோழமைப் பணியகத்தை நிறுவினார். பல சமயத்தவரின் கூட்டுக் குழுவைக் கலைக்கச் சொல்ல முடிந்த ஆட்சிக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் உள் உறுப்பு ஒன்றை மூடச் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. பேராலயத்தை ஒட்டியிருந்த அந்தப் பணியகத்தில் சட்ட உதவி, மருத்துவ உதவி, குழந்தைகளுக்கான உணவுக்கூடங்கள், ஆவணத் தொகுப்பு, துணிப் படப் பட்டறைகள் ஆகியவை ஒரே பொறுப்பின் கீழ் இயங்கின. 1978-இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பரிசு இந்த அமைப்புக்கு வழங்கப்பட்டது. சனநாயகம் திரும்பிய பின், 1992 இறுதியில் அது தன் பணியை முடித்துக்கொண்டது.

ஒரு படம் எப்படித் தைக்கப்பட்டது?

பெரும்பாலான படங்களில் பின்னணி ஏறத்தாழ ஒன்றேதான். மேலே நீலத் துணியில் வானம். அதன் கீழே ஆந்திஸ் மலைத்தொடரின் முகடுகள். மலையடியில் வரிசையாகச் சிறு வீடுகள். அவற்றின் முன்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். இந்த மனிதர்கள் தட்டையாக இருப்பதில்லை. பஞ்சோ துணியோ அடைத்த தலை, கம்பளி நூலில் முடி, தனியாகத் தைத்த சட்டை, பாவாடை என்று விரல் அளவுப் பொம்மைகளாகத் துணியிலிருந்து புடைத்து நிற்பார்கள். சோறு பொங்கும் பானைக்கு அடியில் செம்மஞ்சள் நூல் நெருப்பாகும். ஓரம் முழுவதும் கம்பளி நூலால், பல நேரம் சிவப்பு நூலால், பின்னி முடிக்கப்பட்டிருக்கும்.

துணி வாங்க வசதியில்லாததால், கிடைத்த கந்தல்தான் மூலப்பொருள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பழைய சட்டையிலிருந்தே துண்டு வெட்டி, அவருடைய உருவத்துக்கு உடுத்திய பெண்களும் உண்டு. சில படங்களின் பின்புறத்தில் சிறு பை ஒன்று தைக்கப்பட்டு, படம் எதைக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் துண்டுக் காகிதம் அதில் வைக்கப்பட்டது. பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை. பெயர் போட்டால் வீடு தேடி வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

படங்களில் எதையெல்லாம் காட்டினார்கள்?

கைதும் சித்திரவதைக் கூடமும் மட்டும்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், ஒற்றைக் குழாயடியில் வாளியோடு நிற்கும் கூட்டத்தையும், கட்டணம் கட்ட முடியாமல் மின்கம்பியில் கொக்கி போடும் அண்டை வீட்டாரையும், கதவடைத்த ஆலையின் முன்னால் வேலைக்காகக் காத்திருக்கும் ஆண்களையும், தெருவே கூடிச் சமைக்கும் பொதுப் பானையையும் பார்த்து வியப்படைவதுண்டு. அந்தப் பெண்களுக்குப் பட்டினியும் அடக்குமுறையும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. ஒரே ஆட்சி ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்த இரண்டு வினைகள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் சேர்ந்த பட்டறைகளில் படங்கள் நேரடியாகப் பேசின. நெஞ்சில் நிழற்படத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் பெண்கள், நாடாளுமன்றக் கட்டடத்தின் வேலிக் கம்பிகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்கள், ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்று எழுதிய பதாகை ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றில் லொன்கேன் படங்கள் தனியிடம் பெறுகின்றன. 1973 அக்டோபரில் இஸ்லா தெ மைப்போ என்னும் ஊரில் காவல் படையினர் பிடித்துச் சென்ற 15 பேரின் எச்சங்கள், 1978 நவம்பரில் லொன்கேனில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்களில் கிடைத்தன. அப்படி யாரும் காணாமல் போகவில்லை, அவர்கள் வெளிநாட்டுக்கு ஓடிப்போயிருப்பார்கள் என்றெல்லாம் அதுவரை சொல்லிவந்த ஆட்சியின் பொய் அத்தோடு உடைந்தது. காளவாய்கள் 1980-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆனால் அவற்றின் வடிவம் அதற்குள் துணியில் ஏறியிருந்தது.

இவர்கள் கைவினைப் பெண்களா, மனித உரிமைக் காப்பாளர்களா?

இரண்டும்தான். 1998 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய பிரகடனம், இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று பட்டமோ பதவியோ கேட்பதில்லை. தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ மனித உரிமைகளைப் பேணவும் வலியுறுத்தவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதே அதன் முதல் பிரிவு. அதன் 13-ஆம் பிரிவு, இந்தப் பணிக்காக நிதி கேட்கவும் பெறவும் பயன்படுத்தவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. உரிமைப் பணிக்கு வெளிநாட்டுப் பணம் வந்தாலே ஐயத்தோடு பார்க்கப்படும் காலத்தில் இந்தப் பிரிவை நினைவில் வைப்பது நல்லது. துணிப் படம் விற்று வந்த காசில்தான் அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்குப் பேருந்தில் போனார்கள், குழந்தைக்குச் சோறு போட்டார்கள், அடுத்த உண்ணாநோன்பில் உட்கார்ந்தார்கள்.

படங்கள் எப்படி விற்பனையாயின?

பட்டறைகள் சிறு குழுக்களாக இயங்கின. முடித்த படங்களைக் குழுவின் பொறுப்பாளர் திரட்டிப் பணியகத்துக்குக் கொண்டுவருவார். தையல் தரமாக இருக்கிறதா என்று அங்கே பார்த்து வாங்குவார்கள். பணத்தில் பெரும்பகுதி தைத்தவருக்கும் சிறு பகுதி குழுவின் பொது நிதிக்கும் போகும். நாட்டுக்குள் வாங்கத் துணிந்தவர்கள் குறைவு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புகலிடம் பெற்றிருந்த சிலி மக்கள், திருச்சபைக் குழுக்கள், மனித உரிமை அமைப்புகள், பெண்கள் அமைப்புகள் ஆகியவையே சந்தை. ஒரு கோயில் மண்டபத்திலோ பல்கலைக்கழக வளாகத்திலோ மேசை போட்டு விற்பார்கள். வாங்க வந்தவரிடம் சிலியைப் பற்றி நான்கு வார்த்தை பேசுவார்கள். வாங்கியவர் வீட்டுச் சுவரில் மாட்டியதும், பார்க்க வந்த விருந்தாளி அது என்ன என்று கேட்பார். இதழ்களும் வானொலியும் தணிக்கைக்கு உட்பட்டிருந்த நாட்டிலிருந்து செய்தி இப்படித்தான் வீடு வீடாகப் போனது.

ஆட்சி இதைத் தடுக்கவில்லையா?

தொடக்கத்தில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வறிய பெண்கள் பொம்மை தைக்கிறார்கள் என்ற இளக்காரமே அவர்களுக்குக் கவசமாக அமைந்தது. செய்தி வெளிநாடுகளில் பரவத் தொடங்கியதும் நிலைமை மாறியது. சுங்கத்தில் பொதிகள் பறிமுதலாயின. ஆட்சிக்கு ஆதரவான நாளிதழ்கள் இவற்றை நாட்டுக்கு அவதூறு என்று தூற்றின. பட்டறைப் பெண்கள் கண்காணிக்கப்பட்டார்கள். இரவில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தைப்பதும், தட்டும் ஓசை கேட்டால் துணியை மறைப்பதும் வழக்கமாயிற்று. வீட்டுக்குள்ளேயே எதிர்த்த கணவன்மாரும் உண்டு.

அதே நேரத்தில் பினோசேயின் மனைவி லூசியா இரியார்த் தலைமையில் இயங்கிய அன்னையர் மைய அமைப்பின் வழியாகவும் துணிப் படங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் வயலும் பழத்தோட்டமும் திருவிழாவும் மட்டுமே இருந்தன. வடிவத்தை எந்தக் கையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது போதும்.

உதவியவர்கள் பட்ட பாடு இன்னும் கொடியது. தொடக்கக் குழுவின் தலைவர்களில் ஒருவரான லூத்தரன் ஆயர் எல்முட் பிரென்ஸ் 1975-இல் நாடு திரும்ப விடாமல் தடுக்கப்பட்டார். விக்காரியாவில் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஓசே மனுவேல் பராதா 1985 மார்ச்சில் மேலும் இருவரோடு கடத்தப்பட்டுக் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் காவல் படையினர். கலை வழியான ஆதரவு மென்மையானது, ஆகவே பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் இந்தச் செய்தியைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்குகிறவரின் விருப்பம் படத்தை மாற்றவில்லையா?

மாற்றியது. இதை மறைக்க வேண்டியதில்லை. எது விற்கிறது என்பதைத் தைக்கிறவர்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டு ஆதரவாளர் எதிர்ப்பைக் காட்டும் படத்தை விரும்பியபோது அது கூடியது. 1990-இல் சனநாயகம் திரும்பியதும் சிலியின் மீதான உலகக் கவனம் வேறு பக்கம் போயிற்று, வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், பல பட்டறைகள் மூடப்பட்டன, எஞ்சியவற்றில் கிராமத்துக் காட்சிகள் பெருகின. துயரம் சந்தைப் பொருளாகிவிட்டது என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் பசியோடு இருந்தவரிடம் தூய கலையை எதிர்பார்ப்பதில் அதைவிடப் பெரிய குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. கேட்க வேண்டியது வேறு கேள்வி: ஆதரவாளரின் ஆர்வம் தணிந்த பிறகு அந்தப் பெண்களின் வருவாய்க்கு யாராவது வழி வைத்திருந்தார்களா? பெரும்பாலும் இல்லை.

தையல் தவிர வேறு கலைகள் பயன்பட்டனவா?

ஆம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அமைப்புக்குள் நாட்டார் இசைக் குழு ஒன்று உருவாகி, 1978 மார்ச் 8 அன்று சாந்தியாகோவின் கௌபோலிக்கான் அரங்கில் மேடையேறியது. குவேக்கா என்பது ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசி, ஒருவரையொருவர் சுற்றி ஆடும் சிலியின் நாட்டார் நடனம். அதை ஒரு பெண் தனியாக ஆடினாள். கருப்புப் பாவாடை, வெள்ளை மேற்சட்டை, நெஞ்சில் கணவனின் நிழற்படம். எதிரே ஆள் இல்லாத இடத்தை நோக்கி அவள் கைக்குட்டையை வீச, மற்றவர்கள் பாடினார்கள். விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே பினோசேயின் அரசு குவேக்காவைத் தேசிய நடனம் என்று ஆணையிட்டு அறிவித்தது. ஆட்சி தன் விழாக்களுக்கு எடுத்துக்கொண்ட அதே நடனத்தை அந்தப் பெண்கள் தனியாக ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

இவற்றால் உண்மையில் பயன் விளைந்ததா?

துணிப் படம் ஒருவரையும் உயிரோடு மீட்டுத் தரவில்லை. விக்காரியாவின் வழக்கறிஞர்கள் தொடுத்த ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்கள் ஏறக்குறைய முழுவதுமாகத் தள்ளுபடி செய்தன. 1978 ஏப்ரலில் ஆட்சி தனக்குத் தானே பொது மன்னிப்பும் வழங்கிக்கொண்டது. தன் ஆட்சியை நீட்டிப்பது பற்றி 1988 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் பினோசே தோற்றதற்குக் கட்சிகளின் கூட்டணி, தெருப் போராட்டம், பொருளாதார நெருக்கடி என்று பல காரணங்கள் உண்டு. அதைச் சாக்குத் துணியின் கணக்கில் எழுதுவது மிகை.

பயனை வேறு இடத்தில் தேட வேண்டும். தனித்தனியாகப் பிணவறை வாசலில் நின்றவர்கள் வாரந்தோறும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஊசி ஓடும்போது பேச்சு ஓடியது. ஒருவர் கண்ட சிறையை இன்னொருவரின் தகவலோடு ஒப்பிட முடிந்தது. குடும்பத்தைத் தாண்டிப் பொது இடத்தில் பேசிப் பழகாதவர்கள் அமைச்சக வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள். வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசும் வந்தது. உலகத்தின் விழிப்புணர்வை அளக்கக் கருவி இல்லை. இந்தப் பெண்கள் போராட்டத்தில் ஆண்டுக்கணக்காக நீடித்தார்கள் என்பது கண்கூடு. தேடலோ இன்னும் முடியவில்லை. சிலி அரசு 2023-இல் அறிவித்த தேசியத் தேடல் திட்டத்தின்படி, காணாமல் ஆக்கப்பட்டோரும் கொல்லப்பட்டு உடல் தரப்படாதோருமாக 1,469 பேர். அவர்களில் அதுவரை எச்சங்கள் அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர் மட்டுமே.

இந்த வடிவம் வேறு நாடுகளுக்குச் சென்றதா?

பெருவில் ஐயகுச்சோ பகுதியின் வன்முறைக்குத் தப்பித் தலைநகர் லீமாவுக்கு இடம்பெயர்ந்த பெண்கள் தங்கள் ஊரில் நடந்ததைத் துணியில் தைத்தார்கள். பிரேசிலில் அணைகளால் பாதிக்கப்பட்டோர் இயக்கத்தின் பெண்கள், நீரில் மூழ்கிய வீட்டையும் நிலத்தையும் இதே முறையில் காட்டுகிறார்கள். வட அயர்லாந்தின் டெரியில் 2008-இல் நடந்த கண்காட்சியிலிருந்து, சிலியைச் சேர்ந்த ரொபெர்த்தா பாசிக் பல நாட்டுத் துணிப் படங்களைத் திரட்டி, போர், அடக்குமுறை பற்றிய பெரிய தொகுப்பாக வளர்த்திருக்கிறார்.

ஈழத் தமிழ்த் தாய்மாரின் போராட்டத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

துணிப் படம் வழியாக அல்ல, நாள்காட்டி வழியாக உண்டு. சிலி உள்ளிட்ட இலத்தீன் அமெரிக்க நாடுகளின் உறவினர் அமைப்புகள் 1981-இல் கூட்டமைப்பாக இணைந்து, ஆகஸ்டு 30-ஐக் காணாமல் ஆக்கப்பட்டோர் நாளாகக் கடைப்பிடிக்கத் தொடங்கின. பின்னர் ஐக்கிய நாடுகள் அவையும் அதனை ஏற்றது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் நிழற்படங்களோடு தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரும் ஆண்டுதோறும் அதே நாளில்தான் திரண்டு வீதிக்கு வருகிறார்கள்.

இன்று ஒரு குழு கலை வழியாக ஆதரவு தர விரும்பினால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பணம். கண்காட்சிக்கு அரங்க வாடகையும் அழைப்பிதழும் விருந்தும் கணக்கில் இருக்கும். தன் கதையைத் தந்தவரின் அன்றைய கூலி இழப்பு கணக்கில் இருக்காது. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

அடுத்து, பெயரும் முகமும். சாக்குப் படத்தில் பெயர் இல்லாமல் இருக்க முடிந்தது. கைபேசி நிழற்படத்தில் எடுத்த இடமும் நேரமும் தாமாகவே பதிந்துவிடுகின்றன. ஒப்புதலை ஒருமுறை கையெழுத்தாக வாங்கிவைத்தால் போதாது. நிலைமை மாறும்போது மறுபடியும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காட்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். விக்காரியாவில் வழக்கறிஞரும் மருத்துவரும் ஊசியும் நூலும் ஒரே அமைப்புக்குள் இருந்ததால்தான், தைத்ததற்காகத் துன்பம் வந்தபோது போய் நிற்க இடம் இருந்தது. சட்டத் துணைக்கு ஏற்பாடு செய்ய முடியாத குழு, ஆபத்தில் இருப்பவரை மேடையேற்றாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவதாக, வடிவத்தை அவர்களே தெரிவு செய்யட்டும். வெளியிலிருந்து வரும் கலைஞர் கற்றுக்கொடுக்கலாம். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கக் கூடாது. குழாயடியும் பொதுப் பானையும் படத்துக்குள் வந்தது அந்தப் பெண்களின் தீர்மானம்.

இந்தப் படங்களை இன்று எங்கே பார்க்கலாம்?

சாந்தியாகோவில் 2010 சனவரியில் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்தில் அசல் படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. சிலியின் மனித உரிமை ஆவணங்கள் 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. மேலே குறிப்பிட்ட டெரி தொகுப்பின் பட்டியலை, படங்களோடும் விளக்கங்களோடும், இணையத்தில் பார்க்கலாம். சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் அர்ப்பியேரா என்ற பெயரில் புதிய படங்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல, சுற்றுலாப் பயணிகளுக்காகத் தைக்கப்பட்ட அழகிய கிராமக் காட்சிகளே. அவற்றை வாங்குவதில் தவறு இல்லை. தைத்தவர் யார், விலையில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு வாங்குங்கள்.